விசாலாக்ஷி மாமி பார்க்காத வாளி

செம்பூரில் நான் கம்பவுண்டராக இருந்த பிரசவ நர்சிங் ஹோமில் ஆபீஸ் முழுக்க விசாலாக்ஷி மாமியின் பொறுப்பு. மாட்டுங்காவில் அண்ணன் வீட்டில் இருந்தாள். இருபத்துநாலு வயதில் புருஷன் காசநோயில் போய்ச் சேர்ந்ததும் டைப்ரைட்டிங் படித்தாள். கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷ்யூரன்ஸ் ஆபீசில் பத்து வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, 1958-ல் டாக்டர் ஜகந்நாதன் நர்சிங் ஹோம் தொடங்கியபோது இங்கே வந்து சேர்ந்தாள். மாட்டுங்காவில் வண்டி ஏறி, குர்லாவில் ஹார்பர் வண்டி மாறி, எட்டு ஐம்பதுக்கு மேஜையில் இருப்பாள். எட்டு வருஷத்தில் அவள் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை.

காகிதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. எந்தத் தாய் எந்தத் தேதியில் சேர்ந்தாள், குழந்தை என்ன எடை என்று கேட்ட நிமிஷத்தில் எடுத்துக் கொடுப்பாள். ஆனால் கட்டடத்தின் பின்பக்கம் அவள் போனதில்லை. அங்கேதான் கக்கூஸ்களும், துணி அலசும் மோரியும், குப்பைத் தொட்டியும். அங்கெல்லாம் கால் வைக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த வீடு அவளுடையது. நாங்களும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை.

பின்பக்கம் பேராச்சியக்காவுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. தாராவியில் குடியிருந்தாள், புருஷனுக்குத் தோல் பதனிடும் கிடங்கில் வேலை. நர்சிங் ஹோம் திறந்த நாளிலிருந்து கூட்டித் துடைப்பவள் அவள்தான், கூட இரண்டு பெண்கள். அப்போதெல்லாம் பினாயிலும் லைசாலும் என் மருந்தறையில்தான் இருக்கும். அவள் வாளியோடு, ஊர்ப் பேச்சில் பால்டியோடு, வந்து நிற்பாள், நான் அளந்து ஊற்றுவேன்.

1966 ஆரம்பத்தில் மேலே ஒரு மாடி கட்டி, முப்பது படுக்கை அறுபதாயிற்று. பிறந்த குழந்தைகளுக்கென்று தனி அறை வந்தது. பழையபடி மூன்று பெண்களை வைத்துச் சமாளிக்க முடியாது, பெரிய ஆபீஸ்களில் செய்கிற மாதிரி துப்புரவை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கிற வேலையை மாமியிடம் ஒப்படைத்தார்.

மாமி பேப்பரில் பார்த்தும் விசாரித்தும் ஏழெட்டுப் பேருக்குக் கடிதம் போட்டாள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். பணத்தில் இரண்டு பேருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதனால் பணத்துக்காகத்தான் அப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று பின்னால் யாரும் சொல்ல முடியவில்லை.

முதலாவது, கோட்டையில் ஆபீஸ் வைத்திருந்த கம்பெனி. டை கட்டிய ஒருவர் வந்தார். தரையைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் மின்சார யந்திரம் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வரவேற்பறையில் ஒரு மூலையை மட்டும் தேய்த்துக் காட்டினார். அந்த மூலையில் முகம் தெரிந்தது. எந்தெந்த மணிக்கு எந்தெந்த அறை என்று அச்சடித்த அட்டவணை, காக்கி உடுப்பு போட்ட ஆட்களின் போட்டோ, தாங்கள் வேலை செய்யும் பாங்குகள், சினிமாக் கொட்டகைகளின் பட்டியல் எல்லாம் கொடுத்தார். பட்டியலில் ஓர் ஆஸ்பத்திரியும் இருந்தது. அதன் பெயருக்கு நேராக மாமி பென்சிலால் ஒரு கோடு போட்டாள். போய்ப் பார்க்கவில்லை.

இரண்டாவது ஆள் கரீம் பாட்சா. மேலப்பாளையத்துக்காரர், குர்லாவில் இருந்தார். பட்டாள ஆஸ்பத்திரியில் வார்டு சுத்தம் பார்க்கும் வேலையில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து, பதினைந்து ஆட்களை வைத்துத் தொழில் செய்துகொண்டிருந்தார். ஜூன் முதல் மழையில் நனைந்துகொண்டு வந்தார். உட்காரச் சொல்வதற்குள், "பின்னால கொஞ்சம் பாக்கணுமே" என்றார். மாமி என்னைப் பார்த்தாள். நான் கூட்டிப்போனேன்.

கக்கூஸ், மோரி, பிரசவ அறை, மாடியில் குழந்தை அறை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். சுவரில் ஆணியில் தொங்கிய போச்சாவை, துடைக்கும் துணியை, எடுத்து முகர்ந்தார். பேராச்சியக்காவிடம் ஏதேதோ கேட்டார். திரும்பி வந்து மாமியின் மேஜைக்கு முன்னால் நின்றபடியே பேசினார்.

"கக்கூசு துடைக்கிற போச்சாவும் பிள்ளைங்க ரூம் துடைக்கிற போச்சாவும் ஒரே ஆணியில தொங்குதும்மா. அத மொதல்ல பிரிக்கணும். ஒவ்வொரு எடத்துக்கும் தனித்தனி. தெனம் அவிச்சு வெயில்ல காயப்போடணும். காயப்போட உங்ககிட்ட எடம் இல்ல. மொட்டமாடியில ஒரு கொடி கட்டித் தரணும்."

மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "எட்டு வருஷமா நடத்திண்டிருக்கோம். ஒண்ணும் ஆகலை" என்றாள்.

"ஆகலன்னா சந்தோசம். முப்பது படுக்கைக்கு நடந்தது அறுபதுக்கு நடக்காதும்மா. இருக்கிற மூணு பேரையும் நான் எடுத்துக்கிடுதேன். அந்தப் பெரிய பொம்பளைக்கு வேலை தெரியுது."

அட்டவணை ஏதும் அச்சடித்திருக்கிறாரா என்று மாமி கேட்டாள். இல்லை என்றார். கிளம்பும்போது சொன்னார்: "குர்லா ஸ்டேசன்ல எறங்கினா பத்து நிமிசத்துல ஒரு மில் டிஸ்பென்சரி. நாங்கதான் பாக்கோம். சொல்லாம கொள்ளாம ஒரு நாள் பதினோரு மணிக்கு வாங்க. பால்டிக்குள்ள எட்டிப் பாருங்க. வேலை செய்யுத பொம்பளைங்ககிட்ட கேளுங்க. என்கிட்ட கேக்காதீங்க."

அவர் போனதும் மாமி என்னிடம், "வந்த எடத்துல குத்தம் கண்டுபிடிக்கறவர் நாளைக்கு டாக்டர்கிட்டயும் அப்படித்தானே பேசுவார்" என்றாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

தினம் இரண்டு தடவை மாமி குர்லாவில் வண்டி மாறினாள். அந்த டிஸ்பென்சரிக்குப் போக அவளுக்கு ஓர் அரை மணி போதும். மழை, கூட்டம், சேறு. போகவில்லை. ஜூன் கடைசியில் கோட்டைக் கம்பெனிக்கு ஆர்டர் போயிற்று.

முதல் வாரத்திலேயே டாக்டருக்கு மகிழ்ச்சி. தரையெல்லாம் மின்னியது. மல்லிகைப்பூ சென்ட் மாதிரி ஒரு வாசனை வேறு. பழைய மூன்று பெண்களையும் கம்பெனி தன் ஆட்களாக்கி நீலப் புடவை கொடுத்தது. மேற்பார்வைக்கு ஓர் ஆள் காலையில் வந்து, அட்டவணையில் எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டுவிட்டு ஒன்பதரைக்குப் போய்விடுவான். கிருமிநாசினியையும் கம்பெனியே கொண்டுவந்தது. பெரிய கண்ணாடி ஜாடியில் கலக்கி வைத்துவிடுவார்கள், அதிலிருந்து எடுத்து ஊற்ற வேண்டியது. என் மருந்தறைக்கு யாரும் வாளியோடு வருவது நின்றது. ஒரு தடவை அந்த ஜாடியைப் பார்த்தேன். மோரைவிட நீர்த்துக் கிடந்தது. நம் பொறுப்பு இல்லையே என்று நகர்ந்துவிட்டேன். நர்சுகளும் பார்த்திருப்பார்கள்.

ஜூலை நடுவில் ஒரு நாள் காலை, பேராச்சியக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வருகிற வழக்கம் அவளுக்கு இல்லை. நான் ஏதோ சீட்டுக் கொடுக்க அங்கே இருந்தேன்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். மேலயும் கீழயும் சேத்து ரெண்டே போச்சாதான் குடுத்திருக்காவ. கக்கூசையும் அதுலதான். பிள்ளைங்களுக்குப் பால் புட்டி வைக்கிற மேசையையும் அந்தப் பால்டித் தண்ணியிலதான் தொடைக்கச் சொல்லுதான். மருந்து ஜாடி கொறையக் கொறையப் பச்சத்தண்ணிய ஊத்துதான். கழுவுறதே கெடையாது. நாத்தம் வராம இருக்க சென்ட்ட ஊத்துதான்."

"மேற்பார்வைக்காரர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். பிடிக்கலன்னா போன்னு சொல்லுதான். நீங்க ஒரு நட வந்து பாருங்கம்மா."

மாமி டைப் செய்துகொண்டிருந்த காகிதத்தை ஒரு முறை பார்த்தாள். "நான் பாக்கறேன். நீ போ" என்றாள். டயரியை எடுத்துத் தேதியிட்டு எழுதினாள். கம்பெனிக்கு டெலிபோன் செய்தாள். உடனே கவனிக்கிறோம் என்று இங்கிலீஷில் பதில் வந்தது. மாமியைப் பொறுத்தவரை அந்த விஷயம் அங்கே முடிந்தது. மறுநாள் மேற்பார்வைக்காரன் வந்து பேராச்சியக்காவை எல்லோர் முன்னாலும் வைது, இன்னொரு தடவை ஆபீஸ் பக்கம் போனால் கசாப்புக் கிடங்கு கழுவ அனுப்பிவிடுவேன் என்றான். அவள் அப்புறம் வாயைத் திறக்கவில்லை. புருஷன் அப்போது வேலையில்லாமல் கிடந்தான். மகள் பூமாரி தலைப் பிரசவத்துக்கு அம்மா வீடு வந்திருந்தாள்.

பூமாரிக்கு நம் நர்சிங் ஹோமிலேயே ஒரு படுக்கை கேட்டு டாக்டரிடம் பேசியது மாமிதான். எட்டு வருஷம் வேலை பார்த்தவளின் மகள், நம்மிடமே ஆகட்டும் என்றாள். டாக்டரும் சரியென்றார். செப்டம்பர் முதல் வாரத்தில் பூமாரிக்கு ஆண் குழந்தை. நல்ல எடை. பேராச்சியக்கா ஒரு காகிதத்தில் சீனியை மடித்துக்கொண்டுவந்து எனக்கும் மாமிக்கும் கொடுத்தாள்.

மூன்றாம் நாள், குழந்தை அறையில் செட்டிநாட்டுக்காரர் ஒருவரின் பெண் குழந்தைக்குப் பேதி கண்டது. மறுநாள் இன்னும் இரண்டு. அடுத்த நாள் ஐந்து. டாக்டர் வீட்டுக்கே போகாமல் நின்றார். கண்கள் குழிந்து, தோல் சுருங்கி, அழக்கூடச் சத்தம் இல்லாமல் போயிற்று அந்தக் குழந்தைகளுக்கு. எட்டு நாளில் மூன்று குழந்தைகள் போய்விட்டன. மூன்றாவது, பூமாரியுடையது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. அப்போது பேராச்சியக்கா கீழே நடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து அவளிடம் சொன்னாள். கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு மாடி ஏறினாள்.

கார்ப்பொரேஷன் சுகாதார அதிகாரி வந்து குழந்தை அறைக்குச் சீல் வைத்தார். தரை, மேஜை, எடை பார்க்கும் தட்டு, வாளி, கண்ணாடி ஜாடி எல்லாவற்றிலிருந்தும் மாதிரி எடுத்துப் போனார்கள். பத்து நாளில் முடிவு வந்தது. குழந்தைகளின் வயிற்றில் இருந்த கிருமி வாளியில் இருந்தது, பால் புட்டி மேஜையில் இருந்தது. கொல்ல வேண்டிய மருந்து ஜாடிக்குள்ளேயே அது வளர்ந்திருந்தது.

அன்று மத்தியானம் மாமி எழுந்து பின்பக்கம் போனாள். எட்டு வருஷத்தில் முதல் தடவை. நான் பின்னால் போனேன். வாளி அங்கே இருந்தது, அதிகாரிகள் ஒட்டிய சீட்டோடு. அதன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு விரற்கடைத் தண்ணீர். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது புடவையின் கரை நனைந்திருந்தது. அதைப் பார்க்கவும் இல்லை, பிழியவும் இல்லை.

குழந்தை அறையை மறுபடி திறக்க வேண்டும், வேறு ஆளைப் பாருங்கள் என்று டாக்டர் அவளிடமே சொன்னார். மறுநாள் காலை மாமி குர்லாவில் இறங்கினாள். துணைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தாள். மில் டிஸ்பென்சரியில் யாரையும் கேட்காமல் நேரே பின்பக்கம் போனாள். கொடியில் துணிகள் வெயிலில் காய்ந்தன. ஒன்றில் சிவப்பு நூல், ஒன்றில் நீலம், ஒன்றில் வெள்ளை. கழுவிக் கவிழ்த்த வாளிகள். ஒரு பெண் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள். மாமி அவளிடம் உடைந்த ஹிந்தியில், எந்தத் துணி எதற்கு, மருந்தை யார் கலக்குவது, எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டாள். காலையில் கலக்கினதைச் சாயந்திரம் கொட்டிவிடுவோம் என்றாள் அந்தப் பெண். மாமி பக்கத்தில் மருந்து கலக்கி வைத்திருந்த வாளிக்குள் கையை விட்டாள். மருந்தின் காட்டம் விரலில் எரிந்திருக்க வேண்டும், கையை உதறிக்கொண்டாள்.

கரீம் பாட்சா வந்து நின்றார். நர்சிங் ஹோம் செய்தியைப் பேப்பரில் படித்திருந்தார். பழைய பேச்சை அவர் எடுக்கவில்லை.

"நீங்க ஏத்துண்டு நடத்தித் தரணும்" என்றாள் மாமி.

"செய்யலாம். மொட்டமாடியில கொடி வேணும். பெறகு, அந்தப் பெரிய பொம்பளையத்தான் நான் மேஸ்திரியாப் போடுவேன். அவங்க சொன்னா ஆபீஸ் கேக்கணும்."

மாமி தலையசைத்தாள்.

ஆபீசுக்குத் திரும்பினால் டாக்டர் ஒரு காகிதத்தோடு காத்திருந்தார். கார்ப்பொரேஷனுக்குக் கொடுக்க வேண்டிய விளக்கம். கோட்டைக் கம்பெனியின் வக்கீலும் டாக்டரும் பேசி எழுதியது. துப்புரவுப் பெண் பேராச்சி தனக்குச் சொன்ன முறையைக் கைக்கொள்ளாமல் அசிரத்தையாக நடந்ததே காரணம் என்று அதில் இருந்தது. ஆபீஸ் பொறுப்பாளர் என்று மாமியின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

மாமி இரண்டு தடவை படித்தாள். "இது நெஜமில்லை, டாக்டர்."

"எனக்கும் தெரியும் மாமி. இப்படி எழுதலேன்னா நம்மள மூடிடுவா. நாப்பது பேர் இத நம்பிச் சாப்பிடறா. அவ ஒருத்தி. அவளுக்கு வேற எடம் நானே பாத்துத் தரேன்."

"அவ பேரன் செத்துப்போயிருக்கான்."

டாக்டர் பேனாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த எட்டு நாளும் குழந்தைகள் பக்கத்தில் நின்றவர் அவர்தான்.

மாமி மேஜைக்குப் போய் டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகினாள். ஒரு பக்கம்தான் வந்தது. அதில் இருந்தது இது: இந்தக் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தவள் நான். அவர்கள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியை நான் போய்ப் பார்க்கவில்லை. ஜூலை பதினாறாம் தேதி காலை பேராச்சி என்னிடம் குறைகளைச் சொல்லி, வந்து பார்க்கும்படி கேட்டாள். நான் போகவில்லை. இவ்வளவுதான். டயரியிலிருந்து அந்தத் தேதிப் பக்கத்தையும் கிழித்துச் சேர்த்து டாக்டரிடம் கொடுத்தாள்.

"இத அனுப்பினா நீங்க இங்க இருக்க முடியாது" என்றார் டாக்டர்.

"தெரியும். நீங்க அனுப்பலேன்னாலும் நான் நேர்ல கொண்டுபோய்க் குடுப்பேன்."

கரீம் பாட்சாவுக்கான ஆர்டரையும் அன்றே டைப் செய்து டாக்டரிடம் கையெழுத்து வாங்கினாள். அந்த ஆபீசில் அவள் செய்த கடைசி வேலை அதுதான்.

பேராச்சியக்கா அந்தச் செவ்வாய்க்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. கரீம் பாட்சா சொன்னதைச் சொல்லி அழைத்துவர மாமி தாராவிக்குக் கிளம்பினாள். ஞாயிற்றுக்கிழமை. வழி தெரியாது என்பதால் என்னோடு வந்தாள். சாக்கடை ஓரமாக, ஆள் ஒருவர் மட்டும் போகக்கூடிய சந்துகளில் நடந்தோம். தோல் கிடங்கு வாடை தாங்காமல் ஓரிடத்தில் நின்றாள். பிறகு நடந்தாள்.

தகரக் கூரை போட்ட ஒரே அறை. பூமாரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மார்பில் பால் கட்டிக் காய்ச்சல். பேராச்சியக்கா கோணிச் சாக்கை உதறிப் போட்டாள். மாமி அதில் உட்கார்ந்தாள். கார்ப்பொரேஷனுக்கு எழுதியதைச் சொன்னாள். கரீம் பாட்சா கேட்டதையும் சொன்னாள்.

பேராச்சியக்கா எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க எழுதுனது நல்லதும்மா. போலீசு வந்து என்னய இழுத்துட்டுப் போயிருப்பான். ஆனா அன்னைக்கே சொன்னேன்லா."

"சொன்னே. நான்தான் வரலை."

"நீங்க பாக்கல. உங்களுக்குத் தெரியல. எனக்குத் தெரியுமே. அந்தத் தண்ணி என்ன தண்ணின்னு தெரிஞ்சேதானே தொடச்சேன். வேல போயிருமேன்னு தொடச்சேன். எம் பேரன் கெடந்த தொட்டிலுக்கு அடியிலயும் நாந்தானம்மா தொடச்சேன்."

பூமாரி திரும்பவில்லை. ஆனால் அவள் முதுகு அசைந்தது. இந்த வார்த்தையை அவள் அம்மா வாயிலிருந்து அப்போதுதான் கேட்கிறாள் என்று எங்களுக்குப் புரிந்தது. பேராச்சியக்காவுக்கும் புரிந்தது. கையை நீட்டி மகளின் தோளைத் தொடப் போனாள். பூமாரி தோளை இழுத்துக்கொண்டாள்.

"நான் இனிமே எந்த ஆஸ்பத்திரிக்கும் வரல" என்றாள் பேராச்சியக்கா. "அந்தப் பாயிகிட்ட சொல்லிருங்க."

மாமி எழுந்தாள்.

குழந்தை அறையை நவம்பர் கடைசியில் திறந்தார்கள். பேராச்சியக்கா இல்லாமலே கரீம் பாட்சா வேலையை ஏற்றுக்கொண்டு ஒழுங்காக நடத்தினார். நான் அங்கே இருந்த மட்டும் வேறு குழந்தை அப்படிப் போகவில்லை. கோட்டைக் கம்பெனியை விசாரித்தார்கள், எச்சரித்தார்கள். அது தொடர்ந்து பாங்குகளையும் சினிமாக் கொட்டகைகளையும் துடைத்துக்கொண்டிருந்தது. பேராச்சியக்கா பேரில் கேஸ் வரவில்லை. அவள் தேவ்நாரில் ஒரு பழைய சாக்குக் கிடங்கில் சாக்குத் தைக்கப் போனாள்.

மாமிக்கு அதன் பிறகு எந்த ஆபீசும் வேலை கொடுக்கவில்லை. மூன்று குழந்தைகள் விஷயம் மாட்டுங்காவில் எல்லாருக்கும் தெரியும். தானே எழுதிக் கொடுத்தாளாம், பைத்தியக்காரி என்று அண்ணியே சொன்னதாகக் கேள்வி. வீட்டில் உட்கார்ந்து வக்கீல்களுக்கு டைப் அடித்துக் கொடுத்தாள்.

1969 மார்ச்சில் மாட்டுங்கா மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். சௌக்கியம் விசாரித்துவிட்டு, "பூமாரி எப்படி இருக்கா?" என்றாள். சயானில் பெரிய ஆஸ்பத்திரியில் போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, நல்லபடியாக வீட்டுக்கு வந்தாயிற்று என்றேன்.

"பேராச்சி பாத்தாளா?"

"பாத்தாங்க. பூமாரி குழந்தைய இன்னும் கையில குடுக்கல."

மாமி கத்தரிக்காய்க்காரியின் தட்டில் ஒவ்வொரு காயாக எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எதையும் பையில் போடவில்லை. பிறகு, தாராவிக்குப் போகும்போது சொல்லுங்கோ, நானும் வரேன் என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனோம்.